பிரிக்காமல் விட்ட கவர்

புதுச்சேரி நெல்லித்தோப்பில் இறங்கி டி.வி. ரிப்பேர் கடை எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட என் கடைக்குத்தான் வழி சொல்லும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எனக்குப் பாடம் சொன்னது மொட்டைமாடிகள். ஊரில் டி.வி. வந்த புதிதில் ஆன்டெனா கட்ட ஆள் கிடையாது. வழுக்கும் ஓட்டுக்கூரையில் வெறுங்காலோடு ஏறி, இரும்புக் குழாயைத் திருப்பிக்கொண்டே "படம் வந்துச்சா? இப்ப வந்துச்சா?" என்று கத்துவேன். திரையில் வெறும் புள்ளியாக இரைந்தால் கீழே இருந்து "கொசு பறக்குது!" என்பார்கள். இன்னும் கொஞ்சம் திருப்புவேன். "வந்துடுச்சு, வந்துடுச்சு, கைய எடு!" என்று தெருவே கத்தும். அப்படித் தெருவைக் கத்தவைத்த கைகள் இவை.

பெரிய டப்பா டி.வி. போய்த் தட்டை டி.வி. வந்தபோது எத்தனையோ மெக்கானிக்குகள் தொழிலை விட்டார்கள். நான் விடவில்லை. தட்டை டி.வி.யின் முகத்தில் ஒரு மெல்லிய ஷீட் ஒட்டியிருக்கும். எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் போலரைசர். வெயில் பட்டு, ஈரம் பட்டு அது மஞ்சளித்துப்போனால் படம் செத்துவிடும். டி.வி.யைத் தூக்கி எறியச் சொல்வார்கள். நான் அந்தப் பழைய ஷீட்டை உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டித் தருவேன். உழவர்கரையிலிருந்தும் கடலூர்ப் பக்கமிருந்தும்கூட டி.வி.யைப் போர்வையில் சுற்றித் தூக்கிவருவார்கள். ஒட்டுகிற அறையில் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, மின்விசிறியை நிறுத்தி, வியர்வை வழிய வேலை செய்வோம். ஒரு தூசு உள்ளே போனாலும் ஷீட் அந்த இடத்தில் கொப்புளம் போல எழும்பிக்கொள்ளும். என் வாழ்நாளெல்லாம் தூசு எனக்குப் பகையாளி.

என் தங்கச்சிக்கோ தூசுதான் எல்லாம்.

அவளைப் படிக்கவைத்தது நான். இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? அப்பா போனபின் அவள் படிப்பை நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தபோது, "நான் ஏறாத கூரையா? ஏறுறேன். அது படிக்கட்டும்" என்றேன். அவள் பௌதிக ஆசிரியையாகி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, போன வருஷம் ஓய்வும் பெற்றுவிட்டாள். மச்சான் தவறியபின் ரெட்டியார்பாளையத்தில் தன் வீட்டில் தனியாக இருக்கிறாள். ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் கோயில் குளம் என்று கிளம்புவார்கள். இவள் பழைய கேமரா ஒன்றும் மூன்றுகால் ஸ்டாண்டும் வாங்கி மாடியில் நிறுத்திவிட்டு வானத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். வெவ்வேறு ஊர்களில் இவளைப் போலவே வானம் பார்க்கிறவர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதிலும் சேர்ந்துகொண்டாள்.

என்னிடம் அவள் எதுவும் கேட்டவள் இல்லை. கல்யாணத்தின்போதுகூட, "நீ என்ன செய்யிறியோ அதாண்ணா" என்றவள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் சாயந்திரம் கடைக்கு வந்து நின்றாள்.

"அண்ணா, எனக்கு ஒரு துண்டு போலரைசர் ஷீட் வேணும்."

"டி.வி. என்னா ஆச்சு?"

"டி.வி.க்கு இல்ல. வால் நட்சத்திரம் ஒண்ணு வருது. அதுக்கு."

கடையில் இருந்த இரண்டு மெக்கானிக்குகளும் நிமிர்ந்து பார்த்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். "அதுக்கும் முகம் மஞ்சளிச்சுப் போச்சா?"

அவளும் சிரித்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். மேற்கு வெயில் ஷட்டர் இடுக்கு வழியாகக் கம்பி மாதிரி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. சாமி படத்துக்கு வைத்த ஊதுபத்திப் புகை அந்த வெயிலில் நெளிந்தது. மேஜைமேல் கிடந்த ஒரு ஷீட் துண்டை எடுத்து என் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள்.

"பக்கவாட்டுல நின்னு புகையைப் பாருண்ணா. இப்ப ஷீட்டை மெதுவாத் திருப்பு."

திருப்பினேன். புகை மங்கியது. இன்னும் திருப்பினேன். மறுபடி பளிச்சென்று ஆனது. இத்தனை வருஷம் அந்த ஷீட்டோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், ஒரு நாளும் அதை இப்படிப் பார்த்ததில்லை.

"வெயில்ல மேலகீழ, பக்கவாட்டுன்னு எல்லா வாட்டத்துலயும் அதிர்ற வெளிச்சம் கலந்துகெடக்கு," என்றாள். "அது புகைல பட்டுச் சிதறி நம்ம பக்கம் வர்றப்ப ஒரு வாட்டத்துல அதிர்றது தூக்கலா இருக்கும். ஷீட்டு அந்த வாட்டத்துக்கு ஒத்து நின்னா விடும், குறுக்க நின்னா தடுக்கும். புத்தகத்துல தளவிளைவுன்னு போட்டிருக்கும். நீதான் இதை எப்பவோ பண்ணிட்டியே!"

"நானா?"

"ஆன்டெனாக் கம்பியைப் படுக்கத்தான போடுவே? நிமித்திப் போட்டா என்னா ஆவும்?"

"கொசு பறக்கும்."

"அதேதான். அலையோட வாட்டம்."

அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. மெக்கானிக்குகள் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டீங்களாடா?" என்றேன்.

அவள் விளக்கிச் சொன்னதை என் புத்திக்கு எட்டிய அளவில் எழுதுகிறேன். வால் நட்சத்திரம் என்பது அழுக்குப் பனிக்கட்டி. சூரியனை நெருங்க நெருங்க அது ஆவியாகித் தூசை வாரி இறைக்கிறது. நாம் பார்க்கிற தலையிலும் வாலிலும் பெரும்பங்கு அந்தத் தூசின்மேல் பட்டுச் சிதறுகிற வெயில்தான். சிதறிய வெளிச்சம் எந்த வாட்டத்தில், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்தால், யாரும் தொடமுடியாத அந்தத் தூசு எப்படிப்பட்டது என்று ஊகிக்கலாம். மணல் மாதிரி கெட்டியா, ஒட்டடை மாதிரி பொசுபொசுப்பா என்றுகூடச் சொல்லலாம். ஆனால் சூரியன், தூசு, நாம் என்ற இந்த மூன்றுக்கும் நடுவே உள்ள கோணம் நாளுக்கு நாள் மாறும். கோணம் மாறினால் சாய்வும் மாறும். அதனால் ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் அளந்தே ஆகவேண்டும். தவறவிட்ட நாள் திரும்ப வராது.

"இது போனா மறுபடி எப்ப வரும்?" என்றேன்.

"இதுவா? நமக்கு வராதுண்ணா. யாருக்குமே வராதுன்னுதான் சொல்றாங்க."

பரணிலிருந்து நல்ல சரக்காக ஒரு ஷீட்டை இறக்கினேன். பசை இல்லாத ரகம், சுத்தமானது. இந்த ஷீட்டுகளுக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கவர் இருக்கும். ஒரு பக்கத்துக் கவரை நானே உரித்துக் காட்டினேன். மறுபக்கத்தை உரிக்க அவள் நகத்தைக் கொண்டுபோனாள். கையைத் தட்டிவிட்டேன்.

"அதைத் தொடாத. கீறல் வுழுந்துடும்."

"இருந்தா ஒண்ணும் ஆகாதா?"

"யார்கிட்ட கேக்குற? நான் ஒட்டிக் குடுத்த டி.வி. எல்லாத்துலயும் கவரு அப்படியேதான் இருக்கு. படம் பளிங்கு மாதிரி தெரியுது."

நான் சொன்னது பொய்யில்லை. நம் ஜனங்கள் புதிதாக வாங்கிய எதன் கவரையும் பிரிக்க மாட்டார்கள். பிரிட்ஜ் கைப்பிடியில் பிளாஸ்டிக் நைந்து தொங்கும். புதுக் காரின் சீட்டு உறையில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து போவார்கள். என் கடை வழக்கமும் அதுதான். ஷீட்டை ஒட்டி முடித்தாலும் மேல்கவரை நாங்கள் உரிப்பதில்லை. புதிது என்பதற்கு அதுதான் சாட்சி. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்த் தன் கையால் உரித்துக்கொள்ளட்டும். பாதிப் பேர் உரிப்பதே இல்லை.

அவள் அந்த ஷீட்டை என் செல்போனுக்கு முன்னால் பிடித்துச் சுற்றிப் பார்த்தாள். திரை கறுத்தது, வெளுத்தது. திருப்தியாகத் தலையாட்டினாள். அப்போது கவர் இருந்த பக்கம் அவள் முகத்தைப் பார்த்து இருந்தது. எனக்கு இன்றைக்கும் அது கண்ணில் நிற்கிறது.

பிளாஸ்டிக் குழாய் மூடி ஒன்றை வளையமாக அறுத்து, ஷீட்டை வட்டமாக வெட்டி அதில் பொருத்தி, கேமராவின் மூக்கில் சுழலும்படி மாட்டிக் கொடுத்ததும் நான்தான். "கவர் வெளிப்பக்கமா இருக்கட்டும்," என்றேன். "மழைக்காலம். பனியோ தூறலோ பட்டா கவரோட போவட்டும்." அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு, "சரிண்ணா" என்றாள். அண்ணன் சொன்னால் சரி என்பது அவளுக்குச் சிறு வயதிலிருந்தே வந்த பழக்கம்.

அடைமழைக் காலம். வால் நட்சத்திரம் மேற்கே, சூரியன் விழுந்தபின் கொஞ்ச நேரம் தெரியும் என்றார்கள். தினமும் சாயந்திரம் மேகம்தான் தெரிந்தது. அவள் தினமும் மாடியில் ஸ்டாண்டை நிறுத்துவாள், பிறகு மடக்குவாள். ஒரு நாள் மதியம் பெய்த மழை வெளுத்துக்கட்டிவிட்டுப் போனது. சாயந்திரம் வானம் கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது. போன் செய்தாள்.

"அண்ணா, மத்த ஊர்ல எல்லாம் மேகமாம். இன்னைக்கி நம்ம ஊர்தான். வர்றியா?"

அவள் குரலை அப்படி நான் கேட்டதில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்குக்கூட அந்தக் குரல் இல்லை. கடையை மெக்கானிக்குகளிடம் விட்டுவிட்டு ஓடினேன்.

நான் போனபோது அக்கம்பக்கத்து ஜனம் மாடிக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"என்ன முசியே," என்று பிரெஞ்சில் ஐயா போட்டார் என்னைப் பார்த்து, "இதுக்கும் ஆன்டெனா கட்டப்போறியா?"

"கட்டியாச்சு சொல்தா. கேமரா மூக்குல பாருங்க. என் கடை ஷீட்டு."

கீழ்வீட்டு அம்மாள், "வால் நட்சத்திரம் தெரிஞ்சா நாட்டை ஆள்றவங்களுக்கு ஆவாதுன்னு சொல்வாங்களே" என்று இழுத்தாள்.

"பிரான்சுல ராஜா தலைய எப்பவோ எடுத்தாச்சும்மா," என்றார் சொல்தா. "நீ தைரியமாப் பாரு."

எல்லோரும் சிரித்தோம். தங்கச்சி சிரிக்கவில்லை. அவள் காதில் எதுவும் விழவில்லை. மேற்கே விழுப்புரம் சாலைப் பக்கம் செவ்வானம் வடிந்துகொண்டிருந்தது. "அதோ!" என்று யாரோ கத்தினார்கள். அவள் குனிந்து கேமராவில் கண்ணை வைத்தாள். ஒரு படம். வளையத்தைத் திருப்பினாள். இன்னொரு படம். மறுபடி திருப்பினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிறவளைப் போல இருந்தாள்.

நான் இந்தப் பக்கம் திரும்பி, ஜனங்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆன்டெனா காலத்திலிருந்து ஆரம்பித்தேன். கூரை ஏறியது, கொசு பறந்தது, தங்கச்சியைப் படிக்கவைத்தது, கடைசியில் ஷீட்டு. சொல்தா கொட்டாவி விட்டார். நான் ஷீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வால் நட்சத்திரம் பனைமரங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. தங்கச்சி நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். முகமெல்லாம் வியர்வை.

"கெடைச்சுதா?"

"கெடைச்சுதுண்ணா," என்றாள். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து மறுபடி மழை. மழை விட்டபோது வால் நட்சத்திரம் மங்கி, கண்ணுக்கு அகப்படாத தூரம் போய்விட்டது.

ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். "என்னாம்மா, உன் குழுவுல என்னா சொன்னாங்க? அன்னைக்கி எல்லா ஊருக்கும் சேத்து அளந்தது நீ ஒருத்திதான?"

காபி ஆற்றிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே சொன்னாள். "சேக்கலைண்ணா. கணக்கு சரியா வரல. லேசா மேகம் இருந்திருக்கு போல."

"மேகமா? அன்னைக்கி வானம் எப்படி இருந்துச்சுன்னு நான் பாக்கலையா?"

"நம்ம கண்ணுக்குத் தெரியாத மேகம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதாம்மா உங்கிட்ட கஷ்டம். இவ்ளோ படிச்சும் தைரியம் கெடையாது. எவனாச்சும் ஒரு கேள்வி கேட்டா உடனே எம்மேலதான் தப்புன்னு ஒதுங்கிக்கிறது. எந்தப் படிப்பும் இல்லாம நான் நின்னு பேசல?"

"நீ பேசுவண்ணா," என்றாள். காபியை என் முன்னால் வைத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. அவ்வளவுதான், அந்தப் பேச்சு முடிந்தது.

நான் மட்டும் முடிக்கவில்லை. தை மாதம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, வால் நட்சத்திரத்தின் தூசை என் கடை ஷீட்டுதான் அளந்தது என்று சொன்னேன். "அப்படியா டீச்சர்?" என்று தங்கச்சியைக் கேட்டார்கள். "அண்ணன் குடுத்த ஷீட்டுதான்," என்றாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்று பின்னால்தான் புரிந்தது.

மாசியில் அவள் வீட்டு மின்விசிறியைப் பார்க்கப் போனேன். மேஜையில் அந்த வளையம் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். கவர் இல்லை. ஓரத்தில் நகத்தால் கிள்ளி, மெதுவாக உரித்த அடையாளம்.

"கவரை ஏன் பிரிச்ச?"

"சும்மாதான். உரிஞ்சுக்கிச்சு."

"நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கீறல் வுழும்னு."

"சரிண்ணா, வுடு. மின்விசிறி சத்தம் என்னான்னு பாரு."

உரிந்துகொள்ளும் ரகமில்லை அது. எனக்குத் தெரியாதா? பேச்சை மாற்றிய வேகம்தான் என்னை உறுத்தியது. வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போனேன். அதே கட்டிலிருந்து இன்னொரு ஷீட்டை எடுத்து ஒரு பக்கக் கவரை மட்டும் உரித்தேன். ஒட்டி முடித்த டி.வி. ஒன்றை வெள்ளைத் திரையாக எரியவிட்டேன். கவர் என் முகத்தைப் பார்க்கும்படி பிடித்துச் சுற்றினேன். திரை கறுத்தது, வெளுத்தது. எல்லாம் சரி. அப்புறம் ஷீட்டைப் புரட்டி, கவர் டி.வி.யைப் பார்க்கும்படி பிடித்தேன்.

வானவில். நாடா நாடாவாகப் பச்சை, ஊதா, ரோஸ். சுற்றினேன். நிறங்கள் இடம் மாறினவே தவிர, திரை கறுக்கவே இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் கறுக்கவில்லை.

கவரை உரித்தேன். சுற்றினேன். அமாவாசை மாதிரி கறுத்தது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். டி.வி.யில் வெளிச்சம் உள்ளேயிருந்து வருகிறது. முதலில் ஷீட், அப்புறம்தான் கவர். ஷீட் தன் வேலையை முடித்தபின் கவர் என்ன செய்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. வானத்திலிருந்து வருகிற வெளிச்சத்துக்கோ கவர்தான் முதல் வாசல். இழுத்து மெலிதாக்கிய பிளாஸ்டிக் அது. தூசு இந்த வாட்டம் என்று சாய்த்து அனுப்பியதை, ஷீட்டிடம் சேருமுன்பே அது முறுக்கிக் கலைத்துவிட்டது. உள்பக்கமாக மாட்டியிருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. வெளிப்பக்கம் மாட்டச் சொன்னது நான்.

அவளுக்கு இது எப்போது தெரிந்தது? கணக்கு வராத அன்றைக்கே தெரிந்திருக்கும். பௌதிகம் படித்தவள். கண்ணுக்குத் தெரியாத மேகம் என்றாள். கண்ணுக்குத் தெரியாததுதான். அதை வெட்டிப் பொருத்திக் கொடுத்தவனிடமே உட்கார்ந்து, தைரியமில்லை என்று வசவும் வாங்கிக்கொண்டாள். பந்தியில் வேறு.

அடுத்த நாள் சாயந்திரம் புதிய ஷீட் ஒன்றை வட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் உரித்து, கண்ணாடி துடைக்கிற துணியில் சுற்றி எடுத்துப்போனேன். மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கையில் கொடுத்தேன். பிரித்தாள். விரல் நுனியால் ஓரத்தைத் தடவினாள். புரட்டி அந்தப் பக்கத்து ஓரத்தையும் தடவினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் துணிக்கொடியைப் பார்த்தேன்.

"ரெண்டு பக்கமும் பிரிச்சுட்டியேண்ணா. கீறல் வுழுமே."

"வுழட்டும்."

பக்கத்தில் சொல்தாவின் வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"அடுத்தது எப்பம்மா வரும்?"

"வரும். பளிச்சுனு ஒண்ணு வர வருஷக்கணக்காகலாம். வந்தாலும் அது வேற வால் நட்சத்திரம். வேற தூசு." துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டாள். "அன்னைக்கி நீ பாத்தியாண்ணா? நான் கேமராவை விட்டு நிமிரவே இல்ல. நீ எங்க நின்ன, பாத்தியான்னு இத்தினி நாளும் கேக்கவே இல்ல."

பார்த்தேன் என்று வாய்வரை வந்தது. 'இல்லை' என்று என் ஆயுசில் சொல்லிப் பழக்கமில்லாத வாய் இது.

"இல்லம்மா. பேசிக்கினே இருந்துட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. என்னைக் கீழே அழைத்துப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அந்தச் சாயந்திரப் படங்களை அவள் அழித்திருக்கவில்லை. பனைமரத் தலைகளுக்கு மேலே, வெளுத்த செம்மையில், ஊதிவிட்ட விபூதிபோல ஒரு கீற்று மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது. அடுத்த படம். அதே கீற்று. அடுத்தது. அதற்கடுத்தது. வளையத்தைத் திருப்பத் திருப்ப, ஒன்றில் கொஞ்சம் மங்கி இன்னொன்றில் கொஞ்சம் பளிச்சென்று இருந்திருக்க வேண்டிய படங்கள். நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான்கும் ஒரே மாதிரி இருந்தன.

"அழகா இருக்குல்ல?" என்றாள்.

"இருக்கு," என்றேன். முதல் படத்துக்கு மறுபடி போகச் சொன்னேன்.